இடுப்பில் எந்தத் தோட்டா? மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்குக் காலிபர் தேர்வு

அமெரிக்காவில் தற்காப்புக்காக உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லக் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எந்தக் காலிபர் (தோட்டாவின் அளவு வகை) நல்லது?" என்றுதான். பத்தில் எட்டுப் பேருக்கு 9 மி.மீ. போதும் என்பது எங்கள் பதில். விரலிலும் மணிக்கட்டிலும் வலு குறைந்தவருக்கும், காற்சட்டைப் பையில் மட்டுமே வைக்க முடிகிறவருக்கும், ரிவால்வரை விரும்புகிறவருக்கும் பதில் மாறும். எங்கே, ஏன் மாறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் ஒன்று. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போய்க் குடியேற்ற நிலையையே ஆபத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். விசாவில் இருப்பவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

.380 ஏசிபி, 9 மி.மீ. லூகர், .38 ஸ்பெஷல், .357 மேக்னம். நான்கு பெயர்களும் நான்கு வேறு தடிமன்களைச் சொல்வதுபோல இருக்கும். உண்மையில் முதல் இரண்டின் குண்டு 0.355 அங்குலம், அடுத்த இரண்டின் குண்டு 0.357 அங்குலம். நான்கையும் மேசையில் வரிசையாக நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கூட்டின் (வெடிமருந்து நிரப்பிய, முனையில் குண்டைத் தாங்கும் உலோகக் குழாய்) உயரத்தில்தான் இருக்கும். .38 ஸ்பெஷலில் 38 என்ற எண்ணே பழைய தோட்டாக் கூட்டின் வெளி அளவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. ஆக, இந்த நான்கில் எதை எடுப்பது என்பது தடிமனைப் பற்றிய கேள்வியே அல்ல. எவ்வளவு எடையுள்ள குண்டை எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறோம் என்பதுதான் கேள்வி. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரவரையில் அழுத்தத்தின் உச்சவரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு .38 ஸ்பெஷலில் 17,000 பவுண்டு, .380-இல் 21,500, 9 மி.மீ.-இலும் .357-இலும் 35,000.

உண்மையிலேயே தடிமன் கூடியவை .40 எஸ் அண்ட் டபிள்யூவும் .45 ஏசிபியும். குறைந்தவை .32 ஏசிபி, .25 ஏசிபி, .22 எல்ஆர்.

பன்னிரண்டு அங்குலம் என்ற அளவுகோல்

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கொள்ளையரில் ஒருவரான மைக்கேல் பிளாட் மீது 115 கிரெயின் (ஒரு கிரெயின் 0.065 கிராம்) எடையுள்ள 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் குண்டு (முனையில் குழி உள்ள, உடலில் பட்டதும் விரியும்படி செய்த குண்டு) ஒன்று பாய்ந்தது. வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, இதயத்தை எட்ட ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. அதன் பிறகும் பிளாட் சுட்டுக்கொண்டே இருந்தார். அன்று இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள்.

இன்று தற்காப்புத் தோட்டாக்களை அளக்கும் முறை முழுவதும் அந்த ஓர் அங்குலத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில் 10 சதவீத ஜெலட்டின் கட்டியைச் சுடுவார்கள். கட்டி சரியான பதத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு சிறு எஃகு மணியை வினாடிக்கு 590 அடி வேகத்தில் செலுத்துவார்கள். அது சுமார் 8.5 செ.மீ. உள்ளே போக வேண்டும். பிறகு வெறும் கட்டியையும், கனத்த துணி, ஜிப்சம் பலகை, பிளைவுட், எஃகுத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பின்னால் வைத்த கட்டியையும் சுடுவார்கள். குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. செ.மீ.-இல் சொன்னால் 30 முதல் 46 வரை.

மனித மார்பு 12 அங்குலம் கனம் இல்லையே என்று கேட்கலாம். எதிரே இருப்பவர் நேராக, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க மாட்டார். துப்பாக்கியைப் பிடித்த கை குறுக்கே வரும், பக்கவாட்டில் திரும்பியிருப்பார். பிளாட்டுக்கு நடந்தது அதுதான்.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 10 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது. அதன் துப்பாக்கி பெரிது, உதையும் (சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னுக்குத் தள்ளும் வேகம்) பலருக்கு அதிகம். உதையைக் குறைக்க வெடிமருந்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு அவ்வளவு நீளக் கூடு தேவையில்லை என்றானது. கூட்டை வெட்டிக் குறுக்கி, 9 மி.மீ. துப்பாக்கியின் அளவிலேயே அடக்கியதுதான் 1990-இல் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் கொண்டுவந்த .40. அமெரிக்கக் காவல்துறைகள் பெருவாரியாக அதற்கு மாறின. இடைப்பட்ட காலத்தில் குண்டு செய்யும் தொழில் முன்னேறியது. செப்பு உறையை ஈயத்தோடு பிணைப்பது, துணி அடைத்தாலும் விரியும்படி குழியை வடிவமைப்பது என 9 மி.மீ. தேறிவிட்டது. 2014-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு எழுதிய அறிக்கை, காவலர்கள் சண்டையில் சுடும் குண்டுகளில் 20 முதல் 30 சதவீதம்தான் இலக்கில் படுகின்றன என்று சொல்லி, உதை குறைந்த, அதிகத் தோட்டா கொள்ளும் 9 மி.மீ.-க்கே திரும்பலாம் என்றது. 2016-இல் 9 மி.மீ. கிளாக் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

உதைக்கு ஒரு கணக்கு

குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவதைப் போட்டிகளில் சுடுகிறவர்கள் பவர் ஃபேக்டர் என்பார்கள். இரண்டு எண்களும் பெரும்பாலும் தோட்டாப் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும்.

.32 ஏசிபி, 71 கிரெயின், 905 அடி: 64. .380, 95 கிரெயின், 955 அடி: 91. .38 ஸ்பெஷல், 158 கிரெயின், 755 அடி: 119. 9 மி.மீ., 124 கிரெயின், 1,150 அடி: 143. .40, 180 கிரெயின், 1,010 அடி: 182. .45, 230 கிரெயின், 890 அடி: 205.

இந்த வரிசையைப் பார்த்துவிட்டு ".380 வாங்கினால் உதை குறையும்" என்று முடிவெடுப்பதுதான் கடைகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு. கையில் விழும் உதை துப்பாக்கியின் எடையையும் பொறுத்தது. ரூகர் எல்சிபி காலியாக 270 கிராம் அளவுதான். சிக் சாவர் பி365 ஏறக்குறைய 505 கிராம், கிளாக் 19 ஏறக்குறைய 670 கிராம். 91-ஐ 270-ஆல் வகுத்துப் பாருங்கள். 143-ஐ 505-ஆல் வகுத்துப் பாருங்கள். முந்தையது 0.34, பிந்தையது 0.28, கிளாக் 19-க்கு 0.21. எல்சிபியின் 2.75 அங்குலக் குழலில் .380-இன் வேகம் இன்னும் குறையும். அதைக் கழித்தாலும் அந்தச் சின்னத் துப்பாக்கி 9 மி.மீ. பி365-ஐவிட மென்மையாக இருக்காது. போதாததற்குப் பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். புதியவருக்கு, முக்கியமாக உருவத்தில் சிறிய பெண்களுக்கு, "சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி" என்று எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர் அவர்களுக்கு நன்மை செய்யவில்லை. பத்துக் குண்டு சுட்டதும் கை வலிக்கும், பயிற்சி நின்றுபோகும், துப்பாக்கி அலமாரிக்குப் போய்விடும்.

9 மி.மீ.

1902-இலிருந்து இருக்கும் தோட்டா. உலகில் இதுபோல் அதிகம் தயாராகும் கைத்துப்பாக்கித் தோட்டா வேறில்லை. பயிற்சிக்கு வேண்டிய முழு உறைக் குண்டு (ஈயத்தைச் செப்பு உறை மூடிய, விரியாத குண்டு) இதில்தான் மலிவு. மாதம் நூறு, நூற்றைம்பது குண்டு சுடப் போகிறவருக்கு அது சின்ன விஷயமல்ல. 2018-இல் வந்த பி365 உள்ளங்கை அளவு உடலில் 10 தோட்டாவும் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒன்றும் வைக்க வழிசெய்தது. அதுவரை அந்த அளவுத் துப்பாக்கியில் ஆறோ ஏழோதான். கிளாக் 43எக்ஸ், ஷீல்ட் பிளஸ் எல்லாம் அதன் பின் வந்தவை.

எந்த எடை என்பதில் பலர் குழம்புகிறார்கள். 115 கிரெயின் பயிற்சிக்கு நல்லது. இடுப்பில் வைக்க 124 அல்லது 147 எடுங்கள். 3.1 அங்குலக் குழலில், 4 அங்குலக் குழலோடு ஒப்பிட்டால், வேகம் வினாடிக்குச் சில பத்து அடி குறையும். இலேசான, வேகத்தை நம்பி விரியும் குண்டுக்குத்தான் அந்தக் குறைவு உறைக்கும். 147 கிரெயின் குண்டு குறைந்த வேகத்திலேயே விரியும்படி செய்யப்படுவது. +பி என்று பெட்டியில் போட்டிருந்தால் அழுத்தம் 38,500 வரை போகலாம். கூடுதல் வேகம் கொஞ்சம். கூடுதல் உதையும் சத்தமும் தீப்பிழம்பும் நிறைய. சிறிய துப்பாக்கியில் எங்களுக்கு அது வேண்டாம் என்றே படுகிறது.

ஹாலோ பாயின்ட் நன்றாக விரிந்தால் 9 மி.மீ. குண்டு 14 முதல் 16 மி.மீ. அகலமாகும், 12-18 அங்குலத்துக்குள் நின்றுவிடும். பயிற்சிக்கான முழு உறைக் குண்டோ 24 அங்குலத்தைத் தாண்டிப் போகக்கூடியது. அதை இடுப்பில் வைத்தால், இலக்கைத் துளைத்து வெளியே போகும் குண்டு யார் மேல் படும் என்ற பொறுப்பும் சேர்ந்தே வரும்.

.380 யாருக்கு?

இதற்கு இரண்டு பேர் உண்டு. ஒருவர், வேலையிடத்து உடையில் காற்சட்டைப் பையைத் தவிர வேறு வழியில்லாதவர். மற்றவர், மூட்டுவாதத்தாலோ வயதாலோ ஸ்லைடை (தோட்டாவை ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேல்பாகம்) இழுக்க முடியாதவர். இந்த இரண்டு பேருக்கும் வேண்டியது இரண்டு வேறு துப்பாக்கிகள் என்பதைக் கவனியுங்கள்.

ஸ்லைடு இழுக்க முடியாதவருக்கு ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஸி போன்ற பெரிய .380 பொருந்தும். 525 கிராம் எடை, முழுக் கையும் பிடிக்கும் பிடி, தளர்வான சுருள்வில். இதே .380-இல் வால்தர் பிபிகே மாதிரியான பழைய வடிவத் துப்பாக்கியை எடுத்தால் ஸ்லைடு கல்போல இருக்கும். அதில் குழல் ஸ்லைடோடு பூட்டிக்கொள்வதில்லை. வெடிப்பின் வேகத்தை ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் கடினமும் மட்டுமே தாங்க வேண்டும், அதனால் வில்லைக் கடினமாக வைத்திருப்பார்கள். காலிபர் ஒன்றுதான், உள்ளே இயங்கும் முறை வேறு. மேலும், பலர் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்துத் தோற்கிறார்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசைக்கு (ட்ரிகர்) வெளியே நிறுத்தி, துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, ஸ்லைடை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு பிடியை மற்றக் கையால் முன்னே தள்ளிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு சிக்கல் தீர்ந்து 9 மி.மீ.-யே சாத்தியமாகிவிடும்.

.380-இன் பலவீனம் குண்டில் இருக்கிறது. ஹாலோ பாயின்ட் அழகாக விரிந்தால் பெரும்பாலும் 12 அங்குலம் எட்டாது. 9, 10 அங்குலத்தில் நின்றுவிடும். விரியாமல் போனால் ஆழம் போதும், அகலம் கிடைக்காது. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் அளவுக்கு அதில் சக்தி இல்லை. நாங்கள் ஆழத்தின் பக்கம்தான் நிற்கிறோம். விரிவைக் கட்டுப்படுத்தி ஆழத்துக்காகச் செய்த 90 முதல் 99 கிரெயின் ஹாலோ பாயின்ட், அல்லது தட்டை முனை முழு உறைக் குண்டு. 60, 70 கிரெயினில் "அதிவேகம்" என்று பெட்டியில் பளபளக்கும் இலேசுக் குண்டுகளைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

ரிவால்வரும் .38 ஸ்பெஷலும்

1.875 அங்குலக் குழல், ஐந்து தோட்டா, 408 கிராம். ஸ்மித் அண்ட் வெஸன் 642 பல ஆண்டுகளாகப் பைகளில் கிடக்கும் துப்பாக்கி. சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் சிக்காது. தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். ஸ்லைடு இல்லை, மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) இல்லை. விசைதான் கனம்: ஒவ்வொரு முறையும் நீளமாக, ஐந்து கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கலாம். ஸ்லைடு இழுக்க முடியாத முதியவருக்கு ரிவால்வர்தான் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் இந்த விசையை மறந்துவிடுகிறார்கள். சுட்டுவிரலில் மூட்டுவாதம் இருப்பவருக்கு ஷீல்ட் ஈஸியே மேல்.

இந்தக் குட்டைக் குழலில் .38-இன் பெரும்பாலான ஹாலோ பாயின்டுகள் விரிவதே இல்லை. வேகம் போதாமல் குழியில் துணி அடைத்துக்கொண்டு நேராகப் போகும். குட்டைக் குழலுக்கென்றே செய்த ஸ்பியர் நிறுவனத்தின் 135 கிரெயின் +பி ஒரு நல்ல விலக்கு. மற்றொன்று பலரும் அலட்சியம் செய்வது: 148 கிரெயின் வாட்கட்டர். கூட்டின் வாய்மட்டத்திலேயே தட்டையாக வெட்டிய ஈய உருளை. காகித இலக்கில் வட்டமாக ஓட்டை போடுவதற்காகச் செய்தது. உதை மிகக் குறைவு, விரிய வேண்டிய அவசியமே இல்லை, தட்டை முகம் திசுவை வெட்டிக்கொண்டு போகும், ஆழமும் போதுமான அளவு. குறை ஒன்றுதான்: முனை கூர்மையாக இல்லாததால் அவசரத்தில் மறுபடி நிரப்பும்போது தோட்டா துளைக்குள் வழுக்கிப் போகாது, விளிம்பில் இடிக்கும். அதனால் ரிவால்வரின் சுழலும் உருளைக்குள் ஐந்து வாட்கட்டர், பையில் வைக்கும் ஸ்பீட்லோடரில் (எல்லாத் தோட்டாவையும் ஒரேயடியாக நிரப்பும் பிடிப்பான்) கூர்முனைத் தோட்டா என்று வைப்பவர்கள் உண்டு.

காலி செய்யும்போதும் ஒரு சிக்கல் வரும். குட்டை ரிவால்வரின் தள்ளுகம்பி குட்டையானது; கூட்டை முழு நீளத்துக்கும் தள்ளாது. துப்பாக்கியைத் தரைக்குச் சாய்த்துக் கம்பியைத் தட்டினால் ஒரு கூடு பாதி வெளியே வந்து விளிம்பில் தொங்கும், அல்லது கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் ஒரே அடியாக, வேகமாக அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் எரியாத வெடிமருந்துத் துகளும் அந்தத் தகட்டுக்கு அடியில் விழாமல் கீழே போகும். ஒரே ஒரு துகள் அங்கே தங்கினாலும் உருளை மூடாது, மூடினாலும் சுற்றாது. சாய்த்து ஒன்று, நிமிர்த்தி ஒன்று என்று காலிக் கூட்டோடு வீட்டிலேயே பத்து முறை செய்து பார்த்தால் வித்தியாசம் கைக்குப் புரிந்துவிடும்.

.357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷலும் போடலாம்; ஆகவே .357 துப்பாக்கி வாங்கி .38 சுடுவதில் தவறில்லை. ஆனால் 2 அங்குலக் குழலில் .357 தோட்டாவே போட்டால் 125 கிரெயினுக்குப் பெட்டியில் போட்ட 1,450 அடியில் 200, 300 அடி காணாமல் போகும். எரியாத மருந்து குழலுக்கு வெளியே எரிந்து பெரும் தீப்பந்தாகும். அறைக்குள் சுட்டால் காதுக்கு நிரந்தரக் கேடு. கிடைப்பதோ 9 மி.மீ. தருவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மிக இலேசான ரிவால்வரில் இன்னொன்றும் நடக்கும்: உதையின் இழுப்பில் இன்னும் சுடாத தோட்டாவின் குண்டு மெல்ல மெல்ல முன்னால் நழுவி, உருளையைத் தாண்டி நீட்டிக்கொண்டு, சுழற்சியையே பூட்டிவிடும். நான்கு சுட்டுவிட்டு ஐந்தாவதை எடுத்து அளந்து பாருங்கள். புதியதைவிட நீளமாக இருந்தால் அந்தத் துப்பாக்கிக்கு அந்தத் தோட்டா ஆகாது.

.40, .45

.40 மோசமான தோட்டா அல்ல. காவல்துறைகள் 9 மி.மீ.-க்குத் திரும்பியபோது விற்ற பழைய .40 துப்பாக்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பெரிய துப்பாக்கியை வீட்டுக்கு வைப்பவர் வாங்கலாம். மறைத்து எடுத்துச் செல்ல, அதே அளவு உடலில் இரண்டு தோட்டா குறைகிறது (கிளாக் 19-இல் 15, கிளாக் 23-இல் 13). குழல் துள்ளுவது கூடுகிறது, அடுத்த குண்டு தாமதமாகிறது. விரிந்த குண்டின் அகலத்தில் கிடைக்கும் லாபம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்.

.45 ஏசிபியின் உதை பலர் நினைப்பதைவிட மென்மையானது. அழுத்தம் 21,000 பவுண்டுதான். கனமான குண்டை மெதுவாகத் தள்ளும். 1911 என்ற எஃகு உடல் பிஸ்டலில் சுட்டால் சுகமாகவே இருக்கும். ஒரு கிலோ எடையை நாள் முழுதும் இடுப்பில் சுமக்க மனமிருந்தால் சரி. சிறிய .45 எடுத்தால் ஆறு ஏழு தோட்டாதான், பயிற்சித் தோட்டாவும் விலை.

.32, .22, மற்றும் ஒரு புதியது

.22 எல்ஆருக்குப் பிரைமர் (ஊசி அடித்ததும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தனியாகக் கிடையாது; கூட்டின் விளிம்புக்குள்ளேயே தீப்பொறிக் கலவையைச் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். எங்காவது கலவை பரவாத இடத்தில் ஊசி அடித்தால் வெடிக்காது. நல்ல தோட்டாவிலும் இது நடக்கும், அடிப்பகுதியின் நடுவில் பிரைமர் உள்ள மைய அடித் தோட்டாவைவிடக் கூடுதலாகவே நடக்கும். வேறெதையும் கையாள முடியாதவர்தான் .22-ஐ எடுக்க வேண்டும். எடுத்தால் மறுபடி விசை இழுத்தால் நகரும் எட்டுத் தோட்டா ரிவால்வராக எடுங்கள், 40 கிரெயின் திடக் குண்டு போடுங்கள்.

.32 ஏசிபி 1899-இல் பிரௌனிங் செய்தது. உதை மிகக் குறைவு. அரை விளிம்புள்ள தோட்டா என்பதால் மேகசினில் நிரப்பும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும்; தட்டி இழுத்தாலும் தீராது, மேகசினைக் கழற்றித் தோட்டாக்களை எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். நீளம் குறைந்த ஹாலோ பாயின்டில் இந்த ஆபத்து அதிகம், முழு நீள முழு உறைக் குண்டில் குறைவு. இந்தியாவில் உரிமம் பெற்றவர்களுக்கு இந்த ஒப்பீடே எழாது. 9 மி.மீ., .38, .45 போன்றவை அங்கே தடைசெய்யப்பட்ட அளவு; உள்நாட்டில் தயாராகும் .32 ரிவால்வரோ பிஸ்டலோதான் பெரும்பாலோரின் கைக்கு வரும்.

2022-இல் ஃபெடரல் நிறுவனம் கொண்டுவந்த .30 சூப்பர் கேரி மெல்லிய தோட்டா, அழுத்தம் மிக அதிகம், அதே மேகசினில் இரண்டு கூடுதலாகக் கொள்ளும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. துப்பாக்கி வகைகள் சிலவே, பயிற்சித் தோட்டா விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. தற்காப்புக்கு வாங்கும் தோட்டா பத்து ஆண்டு கழித்தும் அருகிலேயே கிடைக்க வேண்டும்.

அமெரிக்கச் சுவர்

தமிழ்நாட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குள் வளர்ந்தவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க வீட்டின் உள்சுவர் என்பது இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று. இங்கே பேசிய எல்லாத் தற்காப்புக் குண்டும், .380 உட்பட, அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். ஹாலோ பாயின்டின் குழியில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் அது விரியாமல் முழு உறைக் குண்டுபோலவே தொடர்ந்து செல்லும். "சுவர் தாண்டாத காலிபர்" என்று ஒன்று இல்லை. குழந்தை தூங்கும் அறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைத் துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே வீட்டை ஒரு சுற்று நடந்து முடிவு செய்யுங்கள். இடுப்பில் இல்லாத நேரத்தில் துப்பாக்கி விரைவாகத் திறக்கும் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும். தலையணைக்கு அடியில் வேண்டாம், அலமாரியின் மேல்தட்டிலும் வேண்டாம்.

மாநிலம் தீர்மானிப்பவை

2022 ஜூனில் உச்சநீதிமன்றம் புரூயன் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, நியூயார்க், நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற மாநிலங்களிலும் சாதாரணக் குடிமக்கள் உரிமம் பெற முடிகிறது. ஆனால் அங்கெல்லாம் மேகசினில் பத்துத் தோட்டாதான். 15 கொள்ளும் துப்பாக்கிக்காகப் பெரிய உடலைச் சுமப்பதில் அங்கே பொருளில்லை. பி365 அளவிலேயே பத்து வந்துவிடுகிறது. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்ட் குண்டை வெளியே எடுத்துச் செல்வதற்குச் சட்டத் தடை இருந்துவருவதால், அங்குள்ளவர்கள் குழியை மென்பிளாஸ்டிக்கால் அடைத்த குண்டுகளைத் தேடுகிறார்கள். உங்கள் மாநிலக் காவல்துறையின் இன்றைய விதியைப் படித்துவிட்டுத் தோட்டா வாங்குங்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமத் தேர்வை எழுதிவிடுங்கள். 3, 7, 15 கெஜத்திலிருந்து 50 குண்டு, 250-க்கு 175 மதிப்பெண். இதையே தாண்ட முடியாத துப்பாக்கி இடுப்பில் இருக்கக் கூடாது.

எப்படிச் சோதிப்பது?

வாங்கும் முன் சுடுதளத்தில் இரண்டு மூன்று காலிபரை வாடகைக்கு எடுங்கள். 7 கெஜத் தூரத்தில் 15 செ.மீ. காகிதத் தட்டு. ஐந்து வினாடிக்குள் ஐந்து குண்டு. இதை ஐந்து முறை. 25-இல் குறைந்தது 23 தட்டுக்குள் விழுந்தால் அந்தக் காலிபர் அந்த உடலில் உங்களுக்குச் சரி. விழவில்லை என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள், அல்லது அதே காலிபரில் கனமான துப்பாக்கியைப் பாருங்கள். முதலில் இரண்டாவதைச் செய்வதே நல்லது. பிறகு ஒற்றைக் கையால் ஐந்து, மற்றக் கையால் ஐந்து. கடைசியில், 50 குண்டு சுட்டுக் களைத்த கையோடு முதல் சோதனையை ஒருமுறை திருப்பிச் செய்யுங்கள்.

மேகசினில் வேறொருவரை விட்டு ஒன்றிரண்டு போலித் தோட்டாவைக் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். போலி வரும் நொடியில் சத்தமில்லை, உதையில்லை. குழல் முனை மட்டும் கீழே குத்தும். குண்டு வெடிக்கும் முன்பே கை பயந்து அழுத்துவதன் அடையாளம் அது. 9 மி.மீ.-இல் குத்தாத கை .40-இல் குத்தினால் வேறு ஆதாரம் தேவையில்லை.

வாங்கிய பிறகு 200 பயிற்சித் தோட்டா, அதன் பின் இடுப்பில் வைக்கப்போகும் அதே தோட்டா 50, ஒரு சிக்கலும் இல்லாமல் ஓட வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் சிறிய பிஸ்டலில் ஸ்லைடு முழுதாகப் பின்னே வராமல் வெற்றுக்கூடு வாயில் மாட்டிக்கொள்ளும். முதல் மேகசினிலேயே இப்படி ஆனால் துப்பாக்கியைக் குறை சொல்லும் முன் பிடியை இறுக்கிப் பாருங்கள்.

தினமும் இரவில் காலி செய்து காலையில் மறுபடி நிரப்புகிறவர்கள் ஒரே தோட்டாவையே சேம்பருக்குள் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் குண்டின் முனை ஏற்றுச் சரிவில் மோதிக் கூட்டுக்குள் கொஞ்சம் அமுங்கும். உள்ளிடம் குறையக் குறைய அழுத்தம் ஏறும், 180 கிரெயின் .40-இல் இது அபாயகரமான அளவுக்குப் போகும், 9 மி.மீ.-இலும் நல்லதல்ல. மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்த புதிய தோட்டாவுக்குப் பக்கத்தில் தட்டையான மேசையில் நிறுத்தி, கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். உயரம் துளி குறைந்திருந்தாலும் அதைச் சுட வேண்டாம், சுடுதளத்தில் பயனற்ற தோட்டாவுக்கென வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். உயரம் மாறாத மற்றவற்றை வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியில் சுட்டுத் தீர்த்து, புதுப் பெட்டி ஒன்றைப் பிரியுங்கள்.